எம்ஜிபி வாங்கப் போகிறீர்களா? முதலில் மண்டியிடுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எம்ஜிபி பற்றியவை. அதனால் இந்த முறை அதற்கே அதிக இடம். சொல்லியிருக்கும் விலைகள் தோராயமானவை. ஊருக்கும் பட்டறைக்கும் ஏற்ப ஏறும், இறங்கும்.

கேள்வி: வயது 52. பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குத் திறந்த கூரையுள்ள பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று வேண்டும். கையில் மொத்தம் 12,000 பவுண்டு. எம்ஜிபியா, டிரையம்ஃபா? எந்த ஆண்டு மாடல்? காசை எப்படிப் பிரிப்பது?
— வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: எம்ஜிபி. இந்தத் தொகைக்கு டிரையம்ஃபில் நல்ல டிஆர்6 அமையாது. ஸ்பிட்ஃபயர் அமையும், ஆனால் 52 வயது முழங்காலுக்கு அது கொஞ்சம் இறுக்கம். எம்ஜிபியை 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அதனால் கதவு ரப்பர் முதல் முழு பாடி வரை இன்றும் புதிதாக வாங்கலாம். முழு பாடி என்றது மிகையல்ல: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து 1988இலிருந்து புது பாடி அடித்து விற்கிறது.

மாடல் விஷயம். 1964 கடைசி வரை வந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்று பேரிங். அதன் பிறகு ஐந்து. 1967 கடைசியில் வந்த மார்க் 2இல் நான்கு கியருக்கும் சிங்க்ரோ (கரகரப்பில்லாமல் கியர் விழவைக்கும் அமைப்பு), டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு 1968 – 1974 குரோம் பம்பர் கார்தான் தோது. 1974 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, காரையும் ஒன்றரை அங்குலம் தூக்கிவிட்டார்கள். வளைவில் சாயும். 1976 ஆகஸ்டுக்குப் பிறகு முன்னும் பின்னும் ஆன்டி ரோல் பார் வந்ததும் அந்தச் சாய்வு பெருமளவு அடங்கியது. அழகில் பிடிவாதம் இல்லையென்றால் 1977 – 80 ரப்பர் பம்பர் கார் நல்ல பேரம். அதே நிலையிலுள்ள குரோம் காரைவிட இரண்டு மூவாயிரம் குறையும்.

இனி காசு. 12,000 இருக்கிறது என்றால் 12,000க்கு கார் பார்க்காதீர்கள். காருக்கு 8,500. வாங்குமுன் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார்க்க 250. முதல் ஆண்டு இன்ஷூரன்ஸ் 250. வந்தவுடன் செய்தே ஆகவேண்டிய டயர், ஹோஸ், ஆயில், பிரேக் வேலைக்கு 1,000. மிச்சம் 2,000ஐத் தொடாமல் வையுங்கள். முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அது எங்கேயாவது போகும், பெரும்பாலும் கிளட்சுக்கு. இந்தக் காரில் கிளட்ச் தட்டு மலிவுதான், ஆனால் அதை மாற்ற இன்ஜினையே வெளியே தூக்கவேண்டும். கூலிதான் செலவு.

ஆண்டுச் செலவும் கேளுங்கள். 40 வயது தாண்டிய வண்டி என்பதால் சாலை வரி இல்லை. ஆனால் ஹிஸ்டாரிக் வகுப்புக்கு மாற்றிப் பதிந்திருக்கவேண்டும். பெரிய மாறுதல் செய்யாத வண்டிக்கு 2018 மே 20 முதல் எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் ஆண்டுக்கொரு முறை காசு கொடுத்து எம்ஓடி செய்யுங்கள்; ஐம்பத்துச் சொச்சம் பவுண்டுக்கு இன்னொருவர் லிஃப்டில் தூக்கி அடியைப் பார்த்துச் சொல்கிறார், அதைவிட மலிவான காப்பீடு இல்லை. பெட்ரோல் கேலனுக்கு 25, 26 மைல். ஆண்டுக்கு 3,000 மைல் ஓட்டினால் 750 பவுண்டுக்குக் குறையாது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ‘அக்ரீட் வேல்யூ’ (முன்பே பேசி முடித்த மதிப்பு) கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் விபத்தில் கார் போனால் அவர்கள் போடும் சந்தை மதிப்புதான் கைக்கு வரும்.

கேள்வி: நாளை மறுநாள் ஒரு 1971 ரோட்ஸ்டர் (திறந்த கூரை எம்ஜிபி) பார்க்கப் போகிறேன். ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எதை எந்த வரிசையில் பார்ப்பது?
— வாசகர், ஹாரோ

பதில்: முன்கூட்டியே போன் செய்து “நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யவேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் சூடாக்கினார் என்று யோசியுங்கள்.

கண் பெயின்டுக்குப் போகும். இழுத்துப் பிடித்து கீழே கொண்டுவாருங்கள். எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் முதுகெலும்பு. ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லாததால் முழுப் பாரமும் அதன் மேல். அது ஒரே தகடு அல்ல. வெளிச் சில், நடுத் தகடு, உட்சில், அடியில் காஸில் ரெயில் என்று நான்கு துண்டு சேர்ந்த பெட்டி. சக்கரம் வாரியடிக்கும் ஈரமும் குளிர்காலத்து உப்பும் உள்ளே தங்க, உள்ளிருந்து வெளியே அரித்து வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே நடுத் தகடு பாதி போயிருக்கும்.

முதலில் கதவு இடைவெளி. கதவின் பின் விளிம்புக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே உள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கவேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. அடுத்து, அனுமதி கேட்டு, ஜாக்கி போடும் இடத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடுங்கள். முன்போலவே மூடவேண்டும். உரசினாலோ, பூட்டு பொருந்த மறுத்தாலோ பாடி வளைகிறது. ஜாக்கி வைத்த இடமே உள்ளே அமுங்கினால் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். (வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கடியில் தலையை நீட்டாதீர்கள்.)

இப்போது மண்டியிட்டு, டார்ச் அடித்து, சில்லின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காஸில் ரெயிலின் விளிம்பு நேராக, ஒரே சீரான ஸ்பாட் வெல்டோடு ஓடவேண்டும். கறுப்புத் தார்ப்பூச்சு புதிதாக, தடியாக அப்பியிருந்தால் அதன் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பழைய சில்லைக் கழற்றாமல் மேலே இன்னொரு தகட்டை ஒட்டவைக்கும் வேலையும் உண்டு. கண்டுபிடிப்பது எளிது: உண்மையான வெளிச் சில் முன் மட்கார்டுக்கு உள்ளேயும் பின் மட்கார்டுக்கு உள்ளேயும் நீள்கிறது, ஒட்டுத் தகடு கதவு அகலத்தோடு நின்றுவிடும். இரண்டு பக்கமும் முறையாகச் சில் மாற்ற 3,000, 4,000 பவுண்டு ஆகும். அதன் மேல் பெயின்ட் வேறு.

அங்கிருந்து பின்னே. சீட்டுக்குப் பின்னாலுள்ள மூடியைத் திறந்தால் பேட்டரிப் பெட்டி. 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பக்கத்துக்கு ஒன்று. அமிலமும் தண்ணீரும் சேர்ந்து பெட்டியின் அடியைத் தின்றிருக்கும். அதற்குப் பக்கத்தில், பின் பட்டை ஸ்பிரிங்கின் முன் முனை பாடியோடு சேரும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் இரும்பு. ‘தொப்’ என்றால் துரு அல்லது பட்டி (ஓட்டையை மூடிப் பூசிய பசை). முன் மட்கார்டின் கீழ்ப் பின்மூலை, தரைவிரிப்புக்கு அடியில் தளம், கதவுத் தகட்டில் சின்ன முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே வரும் விரிசல்: இவையும் எம்ஜிபியின் பிறவிக் குணங்கள். விரிசல் பெரிய குற்றமல்ல. விலை பேச உதவும்.

இதெல்லாம் முடியவே அரை மணி ஆகிவிடும். ஆகட்டும். இன்ஜினுக்குப் பத்து நிமிடம் போதும், ஏனென்றால் 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின் முழுவதுமாகச் செத்திருந்தாலும் 3,000 பவுண்டில் உயிர்ப்பிக்கலாம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடானதும் ஆயில் பிரஷர் முள்ளைப் பாருங்கள். ஓடும்போது 50க்கு மேல், ஐட்லிங்கில் 15 முதல் 25க்குள் நின்றால் நலம். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மீண்டும் அழுத்தும்போது நீலப்புகை வந்தால் வால்வு கைடும் சீலும் தேய்ந்திருக்கின்றன. வேகம் எடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் போலப் படிந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட். டேப்பட் (வால்வைத் திறக்கும் பாகம்) சத்தம் கேட்டால் பயப்படவேண்டாம். சத்தமே இல்லாத டேப்பட்தான் சந்தேகத்துக்குரியது. இடைவெளி இல்லாமல் இறுக்கிவைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். தரையில் இரண்டு சொட்டு ஆயில், இந்த இனத்தின் கையெழுத்து.

ஓட்டும்போது மூன்று காரியம். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கரகரவென்று வந்து மற்ற கியரில் அடங்கினால் கியர்பாக்ஸுக்குள் லேஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. ஓவர்டிரைவ் (நீண்ட ஓட்டத்துக்கான கூடுதல் கியர்) விழவில்லையென்றால் விற்பவர் ‘ஒயர்தான் சார்’ என்பார். பாதி நேரம் அது உண்மையும்கூட. கியர்பாக்ஸ் மேலுள்ள சுவிட்ச், சொலினாய்டு இணைப்பு, ஆயில் அளவு குறைவு என்று சின்னக் காரணங்கள்தான். ஆனால் விலை பேசும்போது அது உடைந்தது என்றே கணக்கில் வையுங்கள். மூன்றாவது, மெதுவாக முன்னே போய் நிறுத்தி ரிவர்ஸ் எடுங்கள். ‘டொக்’ என்று ஒரு அடி கேட்டால், டிஃபரன்ஷியலில் தேய்ந்த வாஷராக இருக்கலாம் (மலிவு), ஸ்போக் வீலின் ஸ்ப்ளைன் (சக்கரம் ஹப்பில் பொருந்தும் பல்வரிசை) தேய்வாகவும் இருக்கலாம் (மலிவல்ல). பிரித்தறிய, சக்கரத்தைத் தூக்கி, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹப் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் ஸ்ப்ளைன். ஹப்பும் சக்கரமும் ஜோடியாக மாற்றவேண்டும். தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரம் போட்டால் அதையும் தின்றுவிடும். ஸ்போக்குகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாம் மணிபோல ஒலிக்க, ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்தது.

டயரில் தேய்மானத்தைவிட வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2312 என்றால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆண்டுக்கு 500 மைல் ஓடிய காரில் டயர் தேயாது, ரப்பர்தான் கல்லாகும்.

கேள்வி: ‘முழுக்க ரீஸ்டோர் செய்தது’ என்று ஒரு எம்ஜிபி ஜிடியை (நிலையான கூரை உள்ள எம்ஜிபி) 11,500க்கு விளம்பரம் செய்திருக்கிறார்கள். பளபளவென்று இருக்கிறது. நம்பலாமா?
— வாசகர், குரோய்டன்

பதில்: ‘ரீஸ்டோர்’ என்ற சொல்லுக்கு அளவுகோல் இல்லை. பெயின்ட் அடித்தவரும் சொல்கிறார், பாடியைக் கழற்றிக் கட்டியவரும் சொல்கிறார். படங்களைக் கேளுங்கள், வெளியே பளபளக்கும் படமல்ல, முன் மட்கார்டு கழற்றி, சில் வெட்டி எடுத்து, நடுத் தகடு கண்ணுக்குத் தெரியும் படம். அப்படி ஒரு படம்கூட இல்லையென்றால் அந்த வேலை நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பாடுபட்டவர் படம் எடுக்காமல் விடமாட்டார். பில்லிலும் ‘உதிரி பாகம்’ என்று மொத்தமாக இல்லாமல் காஸில் ரெயில் இரண்டு, உட்சில் இரண்டு என்று வரி வரியாக இருக்கவேண்டும்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் மெல்லிய காந்தம் ஒன்றை ஒற்றைத் தாளில் சுற்றி எடுத்துப்போங்கள். சில், சக்கர வளைவு, மட்கார்டின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் ஒட்டிப் பாருங்கள். வழுக்கி விழும் இடத்தில் பட்டி இருக்கிறது.

சேஸி எண்ணையும் பாருங்கள். ஜிஎச்டி என்று தொடங்கினால் ஜிடி, ஜிஎச்என் என்றால் திறந்த கார். நடுவில் எல் இருந்தால் இடது கை ஓட்டக் காராகப் பிறந்து, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து திரும்பி, ஸ்டீயரிங் மாற்றப்பட்டது. அது குறையல்ல, வறண்ட மாநிலத்திலிருந்து வந்திருந்தால் பாடி நன்றாகவே இருக்கும். மறைத்து விற்றால்தான் குறை. கேடனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குப் பணம் கட்டினால், அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு எந்த நிறத்தில், எந்த இன்ஜின் எண்ணோடு, எந்தச் சந்தைக்குப் போனது என்று சான்றிதழ் தருவார்கள். வி5சி பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணும் காரிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். எம்ஓடி வரலாற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ‘சில் அரிப்பு’ என்று 2011இல் எழுதி, அடுத்த மாதமே பாஸ் ஆகியிருந்தால், அந்த ஒரு மாதத்தில் என்ன ஒட்டினார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று: தனியாளிடம் வாங்கினால் பார்த்து வாங்கியதோடு சரி. வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, குறை இருந்தால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. வியாபாரி கேட்கும் ஆயிரம் அதிகத்தில் ஒரு பகுதி அதற்கான விலை.

கேள்வி: எம்ஜிபியில் தலைவலி அதிகம், முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கு என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி?
— வாசகர், வெம்ப்ளி

பதில்: ஓட்டத்திலும் நம்பகத்திலும் மைத்துனர் சொல்வதே சரி. விலையும் குறைவு. ஆனால் நீங்கள் இருப்பது வெம்ப்ளி. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் யூலெஸ் வலயம், அதாவது புகை அதிகம் விடும் வண்டிக்கு நாள் கட்டணம். ஹிஸ்டாரிக் வகுப்பில் பதிந்த 40 வயது எம்ஜிபிக்கு விலக்கு. 1990களின் எம்எக்ஸ்-5 பெரும்பாலும் யூரோ 4 புகைத் தரத்துக்கு முந்தியது, 40 வயதும் ஆகவில்லை. ஓட்டும் நாளெல்லாம் 12.50 பவுண்டு. தாத்தாவுக்கு இலவசம், பேரனுக்கு டிக்கெட். ஆண்டுக்கு நாற்பது நாள் எடுத்தால் 500 பவுண்டு. வாங்குமுன் அந்தக் காரின் நம்பரை லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அதையும் மீறி வாங்கினால்: பின் சக்கரத்துக்குச் சற்று முன்னே, சில்லின் கடைசி அடியைக் கையால் தடவுங்கள். மடக்குக் கூரையின் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டு, தண்ணீர் சில்லுக்குள் தேங்கி அரிக்கும் இடம் அது. 1989 – 91 இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் முன் முனை (மூக்கு) சிறியது. டைமிங் பெல்ட் மாற்றியவர் போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால் புல்லியும் அதைப் பிடித்திருக்கும் சாவித் துண்டும் ஆடித் தேய்ந்து கிராங்கே வீணாகும். ஓடும்போது முன் புல்லியை உற்றுப் பாருங்கள். தள்ளாடினால் வேண்டாம்.

கேள்வி: போர்ஷ 944 ஒன்று 6,500க்கு வருகிறது. எம்ஜிபி விலைக்கு போர்ஷ! விடலாமா?
— வாசகர், லெஸ்டர்

பதில்: யானை மலிவாக வரலாம், தீனி மலிவாக வராது. டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை வளைத்துவிடும் இன்ஜின் இது. அதோடு பேலன்ஸ் ஷாஃப்டுக்கு இன்னொரு பெல்ட். நான்கு ஆண்டுக்கொரு முறை இரண்டும் மாற்றிய பில் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யக்கூடச் சொல்லாதீர்கள். கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் கிளட்ச் மாற்ற எக்ஸாஸ்ட், டார்க் டியூப் எல்லாம் இறங்கவேண்டும். 6,500 கேட்கும் காரில் இரண்டும் நிலுவையில் இருப்பதே வழக்கம். பத்தாயிரத்துக்குப் பில்லோடு நிற்பதை வாங்குங்கள், அல்லது விடுங்கள்.

கேள்வி: ஜிடிக்குப் பின் சீட் இருக்கிறதே, ஆறு வயது மகளையும் இரண்டு வயது மகனையும் கூட்டிப்போகலாமா?
— வாசகி, மில்டன் கீன்ஸ்

பதில்: அது சீட் என்பதைவிட மெத்தை போட்ட பலகை. பெல்ட்டே இல்லாத பழைய காரில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஏற்றவே சட்டம் இடம் தராது. மூன்று தாண்டியவர் பின் சீட்டில்தான் உட்காரலாம். பின் பெல்ட் பொருத்தித் தருபவர்கள் உண்டு. மாட்டும் இடத்துத் தகடு துருவில்லாமல் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். மகன் இன்னும் சில ஆண்டு வீட்டுக் காரிலேயே வரட்டும்.

கேள்வி: இங்கே ஒன்டாரியோவில் 1978 எம்ஜிபி 7,000 டாலருக்குக் கிடைக்கிறது. அரிசோனாவிலிருந்து ஒன்றை வரவழைப்பது நல்லதா?
— வாசகர், ஸ்கார்பரோ

பதில்: ஒன்டாரியோவிலேயே நாற்பது குளிர்காலம் உப்பில் ஓடியிருந்தால் மேலே ஹாரோ வாசகருக்குச் சொன்னதை இரண்டு மடங்கு கண்டிப்போடு செய்யுங்கள். அரிசோனா காரின் தகடு நன்றாக இருக்கும். டாஷ்போர்டு பிளந்திருக்கும், ரப்பர் எல்லாம் பிஸ்கட்டாகியிருக்கும். தகட்டைச் சரிசெய்வதைவிட ரப்பர் மாற்றுவது மலிவு, ஆகவே அரிசோனா. 15 வயது தாண்டிய காருக்குக் கனடாவின் ஆர்ஐவி இறக்குமதிப் பதிவு தேவையில்லை. ஒன்டாரியோவில் 30 வயது தாண்டி, மாறுதல் இல்லாமல் இருந்தால் ஹிஸ்டாரிக் பிளேட்டும் கேட்கலாம்.

வட அமெரிக்க 1978 மாடலில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் கிடையாது, ஒற்றை ஸ்ட்ராம்பெர்க். குதிரைத்திறன் அறுபத்துச் சொச்சம்தான். ஆரம்ப கால பிரிட்டிஷ் காரின் 95ஐ மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏமாற்றமாக இருக்கும்.

கேள்வி: எங்கள் பட்டறையில் முப்பது வருடமாக அம்பாசிடர் வேலை. எம்ஜிபி இன்ஜினும் அதே குடும்பம் என்கிறார்களே, பாகம் பொருந்துமா? இங்கே பதிய முடியுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அதே குடும்பம்தான். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபியின் 1798உம் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டிலும் 88.9 மில்லிமீட்டர். போர் (சிலிண்டரின் குறுக்களவு) மட்டும் 73இலிருந்து 80.26க்கு வளர்ந்தது, அதனால் பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் பொருந்தாது. அந்த அளவுக்குப் போரை விரித்ததில் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டருக்கு நடுவே தண்ணீர் ஓட இடமில்லாமல் போயிற்று. சூடேறினால் அம்பாசிடர் பொறுக்கும், இது பொறுக்காது. மற்றபடி டேப்பட் வைக்கும் கை, கார்புரேட்டர் பிரிக்கும் கை அங்கே இருக்கிறதே, லண்டன்காரர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

பதிவு பற்றி: 2021 விதிப்படி 50 வயது தாண்டி, அசல் வடிவிலுள்ள வண்டியை ‘விண்டேஜ்’ எனப் பதியலாம், நம்பரில் ‘விஏ’ எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக ஓட்டலாம்; தினசரிக்குக் கூடாது. கப்பலில் கொண்டுவரும் எண்ணமிருந்தால், காரைப் பேசி முடிக்குமுன் சுங்க முகவரிடம் தீர்வையைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். காரின் விலையைத் தீர்வை தாண்டுவது சாதாரணம்.

கேள்வி: போன மாதம் 1973 ரோட்ஸ்டர் வாங்கிவிட்டேன். நான்கு ஆண்டு கராஜில் நின்றது. ஓட்டத் தொடங்குமுன் என்னென்ன செய்யவேண்டும்?
— வாசகர், ஸ்லவ்

பதில்: முதலில் நிற்க வேண்டியது நிற்கட்டும்: பிரேக். ஆயிலை டாட் 4க்கு மாற்றி, மூன்று ரப்பர் ஹோஸையும் கேள்வி கேட்காமல் புதிதாக்குங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கியிருக்கும். மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தாலும் விடாது.

அடுத்து பெட்ரோல். டேங்கிலுள்ளதை வடித்துவிடுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10, அதாவது நூற்றுக்குப் பத்து வரை எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும். சூப்பர் கிரேடில் இ5 கிடைக்கிறது, அதையே போடுங்கள். டேங்க் முதல் கார்புரேட்டர் வரை ஹோஸ் எல்லாம் ஆர்9 என்று அச்சிட்டதாக மாற்றுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே கசியும் பெட்ரோல்தான் தீப்பிடித்த பல எம்ஜிபிகளின் கடைசிப் படம்.

இன்ஜின் ஆயில் 20டபிள்யூ-50, ஃபில்டரோடு 4¼ லிட்டர்; ஆயில் கூலர் இருந்தால் கொஞ்சம் கூடும். துத்தநாகம் சேர்த்த, பழைய காருக்கென்று விற்கும் ஆயிலாக வாங்குங்கள், கேம் ஷாஃப்டுக்கு அது தேவை. இங்கே ஒரு பொறி: கியர்பாக்ஸுக்கும் அதே இன்ஜின் ஆயில்தான். ‘கியர்பாக்ஸ்தானே’ என்று இபி90 என்ற கியர் ஆயிலை ஊற்றினால் ஓவர்டிரைவ் கெடும். இபி90 போகவேண்டிய இடம் பின் ஆக்சில்.

டேப்பட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 15 தௌ (அங்குலத்தை ஆயிரமாக்கினால் 15 பங்கு). ஒன்பது கணக்கு தெரியுமல்லவா? எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வையுங்கள், ஏழு திறக்கும்போது இரண்டு, ஆறுக்கு மூன்று; கூட்டினால் ஒன்பது. டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் 15 தௌ, பிளக் 25 தௌ. முன் சக்கரம் திரும்பும் கிங்பின்னில் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். சக்கரத்தைத் தூக்கி, பாரம் இல்லாத நிலையில் அடியுங்கள், இல்லையென்றால் அழுத்தமுள்ள பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. 3,000 மைலுக்கு ஒரு முறை.

ஸ்போக் வீல் என்றால் நான்கையும் கழற்றி ஸ்ப்ளைனைத் துடைத்து கிரீஸ் தடவுங்கள். கழற்றும்போது நடு நட்டின் மேல்பகுதி காரின் முன்பக்கம் நோக்கிச் சுழலவேண்டும், இரண்டு பக்கமும். பின்பக்கம் சுழன்று கழன்றால் யாரோ ஹப்பை இடம் வலம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். ஓட ஓடத் தானே கழலும். அப்படியே நிறுத்திவிட்டு ஹப்பை மாற்றுங்கள்.

கடைசியாக, சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று பெட்ரோல் பம்ப் அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நிற்கவேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ கசிகிறது அல்லது காற்று இழுக்கிறது. அடிக்கவே இல்லையென்றால் நான்கு ஆண்டு சும்மா நின்றதில் உள்ளேயுள்ள பாயின்ட் ஒட்டியிருக்கும். வலது பின் சக்கரத்துப் பக்கம், பேட்டரிப் பெட்டிக்கு அருகே இருக்கிறது பம்ப். ஸ்பேனர் பிடியால் இலேசாக ஒரு தட்டு. அடித்துவிட்டால் வீடு வந்து சேரலாம். ஆனால் அந்த வாரமே புதுப் பாயின்ட் செட் போடுங்கள். அடுத்த முறை அது லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலையின் நடு லேனில் ஒட்டும்.